மெசின் வாளுக்கு முன்னால் வாங்க வேண்டியவை

நீங்கள் நால்வர் சேர்ந்து கிளிநொச்சியில் மரவேலைத் தொழில் ஒன்றைத் தொடங்கவிருப்பதாக எழுதியிருந்தீர்கள். வீட்டு வளவுகளிலும் கோயில் வீதிகளிலும் பாடசாலைகளிலும் நிற்கும் பெருமரங்களின் ஆபத்தான கொப்புகளை இறக்குவதும் பட்ட மரங்களைத் தறிப்பதுமே முக்கிய வேலையாக இருக்கும் என்றும், சேர்த்து வைத்திருக்கும் பணத்தில் பெரிய மெசின் வாள் ஒன்றையும் நீளமான நைலோன் கயிறு ஒன்றையும் வாங்கிவிட்டால் மற்றவற்றைப் போகப் போகப் பார்த்துக்கொள்ளலாமா என்றும், பாவித்த பொருட்களை மலிவாக வாங்குவது சரிதானா என்றும் கேட்டிருந்தீர்கள். முதற் கேள்விக்குக் கூடாது என்பதே என் பதில். அந்த வரிசையைத் தலைகீழாக்குங்கள். ஆளைத் தாங்கும் பொருளை முதலில் வாங்குங்கள், வெட்டிய கொப்பைத் தாங்கும் பொருளை அடுத்ததாக வாங்குங்கள், வெட்டும் பொருளுக்கு மிஞ்சிய பணம் போதும். பெரிய வாள் தேவைப்படும் நாளில் ஆளோடு சேர்த்து வாடகைக்குப் பிடிக்கலாம். உங்கள் உடலைத் தாங்கும் கயிற்றையும் வாரையும் எவரும் வாடகைக்குத் தருவதில்லை, தந்தாலும் வாங்கக்கூடாது.

வன்னியில் மரம் ஏறத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். தளைநாரைக் காலில் மாட்டிக்கொண்டு நாளொன்றுக்குப் பல பனைகள் ஏறி இறங்குபவரின் உடற்பயிற்சியை எந்தப் பயிற்சி நிலையமும் சில வாரங்களில் கற்றுத் தந்துவிட முடியாது. கொக்கச்சத்தகமும் காட்டுக்கத்தியும் கோடாலியும் எங்களுடைய கைகளுக்குப் பழகியவை. ஆனால் பனை ஒரே நேரான தண்டு. ஏறுபவர் தண்டை அணைத்தபடியே மேலே போய், அணைத்தபடியே வேலை செய்து, அணைத்தபடியே இறங்குகிறார். புளியிலோ வேம்பிலோ மருதிலோ ஏறும் ஒருவர் நடுத்தண்டை விட்டுக் கொப்பு வழியே வெளியே நடந்து போக வேண்டும், இரண்டு கைகளையும் வாளுக்குக் கொடுக்க வேண்டும், வெட்டிய கொப்பு விடுபட்டதும் நிற்கும் கொப்பு மேலே துள்ளுவதைத் தாங்கவும் வேண்டும். தளைநார் கால் வழுக்காமல் காக்குமே தவிர, விழுகின்ற ஆளைப் பிடிக்காது. எங்கள் பக்கத்து மரம் வெட்டுவோர் விழுவது ஏறத் தெரியாமல் அல்ல. ஏறிய பின் கைகள் இரண்டும் வேலையில் இருக்கும் அந்தச் சில நிமிடங்களில்தான் விழுகிறார்கள்.

ஆகவே முதற்பொருள் வார்ப்பட்டி. கடைகளில் ஹார்னஸ் என்று கேட்டால் தருவார்கள். இங்கே ஒரு தவறு வழக்கமாக நடக்கிறது. கட்டிட வேலையில் பாவிக்கும், முதுகுப் பக்கம் வளையம் வைத்த வார்ப்பட்டியை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கிவிடுகிறார்கள். அது தவறி விழுகின்றவரைப் பிடித்து நிறுத்துவதற்காகச் செய்யப்பட்டது; அதில் அமர்ந்து மணிக்கணக்கில் வேலை செய்ய முடியாது, முதுகிலுள்ள வளையத்தில் தொங்கினால் வாளையும் சரியாகப் பிடிக்க முடியாது. மரவேலைக்குரிய வார்ப்பட்டி இடுப்பையும் இரு தொடைகளையும் தாங்கி, முன்புறத்தில் கயிற்றைக் கொழுவும் இடத்தையும், இடுப்பின் இரு பக்கத்திலும் வளையங்களையும் கொண்டிருக்கும். வாங்குவதற்கு முன் அதை அணிந்து, கடையின் வளையிலோ கொப்பொன்றிலோ தொங்கி, கால்மணி நேரம் இருந்து பாருங்கள். தொடை மரத்துப்போனால் அது உங்களுக்குரிய அளவன்று.

அடுத்தது ஏறுகயிறு. இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நீங்கள் எழுதிய ‘நைலோன் கயிறு’ என்ற சொல்லிலேயே பிழை தொடங்குகிறது. எங்கள் கடைகளில் நைலோன் என்ற பெயரில் விற்கப்படும் நீல, பச்சை, மஞ்சள் நிறக் கயிறுகளிற் பெரும்பாலானவை நைலோனே அல்ல, அவை பொலிபுரொப்பிலீன். ஒரு துண்டை வெட்டித் தண்ணீர் வாளியில் போட்டுப் பாருங்கள்: பொலிபுரொப்பிலீன் மிதக்கும், நைலோனும் பொலியெஸ்ரரும் அமிழும். மாடு கட்டுவதற்கும் வலைக்கும் மிதக்கும் கயிறு நல்லது. ஆனால் அது ஏறக்குறைய 165 பாகை செல்சியசில் உருகிவிடுகிறது. நைலோன் 220 பாகைக்கு மேலும் பொலியெஸ்ரர் 250 பாகைக்கு மேலும் தாங்கும். கயிற்றின் மேல் கயிறு வேகமாக உராயும்போது உண்டாகும் சூடு சிறியதன்று. கோயில் வீதிப் புளி ஒன்றில் கொப்பிறக்கியபோது, கவட்டைக்கு மேலாகப் போட்டிருந்த நீலக் கயிறு சுமையோடு ஓடி, உராய்ந்த இடத்தில் பாகாகி அறுந்ததை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். கீழே ஆள் நிற்காதது எங்களுடைய சாமர்த்தியமல்ல, சமையற்கட்டிலிருந்து தேநீர் வந்திருந்தது. அத்துடன் வெயில் பொலிபுரொப்பிலீனை மெல்ல மெல்லத் தின்றுவிடுகிறது. தடவினால் கையில் தூள் ஒட்டும் கயிறு ஏற்கெனவே பாதி செத்த கயிறு.

ஏறுவதற்கு வேண்டியது உள்ளே நேர்நார்களும் வெளியே பின்னலுறையும் கொண்ட, அல்லது முழுவதும் தடித்த பின்னலாக அமைந்த, 11 முதல் 13 மில்லிமீற்றர் வரை தடிப்புள்ள, அதிகம் இழுபடாத கயிறு. அதன் உறையிலோ நுனியிலோ ஈ.என். 1891, வகை ஏ என்ற ஐரோப்பியத் தரக்குறி இருந்தால், குறைந்தது 22 கிலோநியூட்டன், அதாவது ஏறக்குறைய 2,200 கிலோ இழுவையைத் தாங்கும் என்று பொருள். இவ்வளவு எதற்கு, நான் 65 கிலோதானே என்று கேட்க வேண்டாம். முடிச்சுப் போட்ட இடத்தில் கயிறு தன் வலுவில் மூன்றிலொரு பங்கு வரை இழந்துவிடும், கொப்பின் விளிம்பில் வளைந்த இடத்தில் இன்னும் சிறிது போய்விடும், மண்ணும் வெயிலும் நாளுக்கு நாள் ஒரு பங்கைக் கொண்டுபோகும். மிஞ்சுவதில்தான் நீங்கள் தொங்குகிறீர்கள். 15 மீற்றர் உயரத்திலுள்ள கவட்டையில் இரட்டையாகப் போட்டு இறங்குவதற்கு 30 மீற்றருக்கு மேல் வேண்டுமாதலால் 45 மீற்றர்ச் சுருளாக வாங்குவது நன்று. இந்தக் கயிறு அதிகம் இழுபடாது என்பதால் ஒரு கட்டுப்பாடும் உண்டு: கயிற்றைக் கட்டிய இடத்துக்கு மேலே ஏறிப் போகக்கூடாது, கயிறு எப்போதும் விறைப்பாக இருக்க வேண்டும். தொய்வோடு விழுந்தால் கயிறு அறாமலே உடல் முறியும்.

ஏறுகயிற்றில் ஏறி இறங்க, 8 முதல் 10 மில்லிமீற்றர் வரையான, சூட்டைத் தாங்கும் குட்டைக் கயிற்றால் உராய்வு முடிச்சுப் போடுவார்கள். புருசிக், பிளேக் என்ற இரண்டு முடிச்சுகளையும் நிலத்தில் நின்றே நூறு தடவை போட்டுப் பழகிய பின் மரத்துக்குப் போங்கள். கொழுவிகள், அதாவது கரபினர்கள், கையால் திருகிப் பூட்டுபவையாக இல்லாமல், தானே பூட்டிக்கொள்வனவாகவும் திறப்பதற்கு மூன்று அசைவு வேண்டுவனவாகவும் இருக்கட்டும். கொப்பில் உராய்ந்து திருகு கழன்றுவிடும். இவற்றோடு பக்கவாட்டுக் கயிறு ஒன்று. அது தண்டைச் சுற்றி வந்து இடுப்பின் இரு வளையங்களிலும் கொழுவப்படும். வெட்டத் தொடங்குமுன் ஏறுகயிறும் பக்கக்கயிறும் ஆக இரண்டு பிடிகள் இருக்க வேண்டும் என்பதில் எந்த விட்டுக்கொடுப்பும் வேண்டாம், ஏனென்றால் வாள் எந்தக் கயிற்றைத் தொடும் என்று முன்கூட்டி எவராலும் சொல்ல முடியாது. உள்ளே உருக்குக் கம்பி வைத்த பக்கக்கயிறு கைவாளின் பிழையைப் பொறுக்கும். மெசின் வாளின் பிழையைப் பொறுக்காது. மின்கம்பி உள்ள இடத்தில் அதைக் கொண்டுபோகவே கூடாது.

முதற்கயிற்றை மேலே போடுவதற்கு 2 மில்லிமீற்றர் அளவிலான வழுக்கலான நூலும் 300 கிராம் அளவிலான சிறு சன்னப் பையும் விற்கிறார்கள். இதற்குப் பணம் செலவழிக்க வேண்டாம் என்று துணிந்து சொல்வேன்: நன்றாகத் தைத்த துணிப் பையில் மணலை இறுக்கி, தூண்டில் நூலைக் கட்டி, சிறு வயதில் கெற்றப்போலால் மாங்காய் விழுத்திய கை உங்களில் ஒருவருக்காவது இருக்குமாயின், ஒரு வாரத்தில் 12 மீற்றர் உயரக் கவட்டை வசப்பட்டுவிடும்.

காலில் கட்டும் கூர்முனைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கம்பம் ஏறுவோர் பாவிப்பது போன்ற இந்த முள்ளிரும்புகள் தறிக்கப்போகும் மரத்துக்கு மட்டும் உரியவை. வாழப்போகும் மரத்தில் அவற்றைக் கொண்டு ஏறினால் ஒவ்வொரு அடிக்கும் ஒரு துளை. பட்டைக்குக் கீழுள்ள உயிர்ப்படை கிழிந்து, துளை வழியே பூஞ்சணம் உள்ளே போகும். கொப்பைக் கழித்து மரத்தைக் காப்பாற்ற அழைக்கப்பட்டவர் அந்த மரத்துக்கே நூறு காயம் ஏற்படுத்திவிட்டுக் கூலி வாங்குவது எப்படிச் சரியாகும்? இவற்றைப் பின்னர் வாங்கலாம்.

உடலுக்கு அணிபவற்றில் நாடித் தோல்வார் உள்ள தலைக்கவசம் முதன்மையானது. மோட்டார் சைக்கிள் தலைக்கவசம் காதையும் பார்வையையும் மறைக்கும். கட்டிட வேலைத் தொப்பி குனிந்தவுடன் கீழே விழும். மெசின் வாளின் ஓசை காதருகில் 100 டெசிபலைத் தாண்டுவதால் காதடைப்பான் கட்டாயம். ஆண்டுக்கணக்கில் இந்தத் தொழிலில் இருந்து, கூப்பிட்டால் திரும்பாத மூத்தவர்களை நீங்களும் அறிவீர்கள். கண்ணுக்கு வலை முகமூடி போதாது. தூளைத் தடுக்கும் கண்ணாடியும் வேண்டும். முதிரையை அரியும்போது வாயையும் மூக்கையும் மூடி, முழுக்கைச் சட்டை அணியுங்கள், அதன் தூள் பலருக்குத் தோலில் அரிப்பையும் கொப்புளத்தையும் உண்டாக்கும்.

வாள்காப்புக் காற்சட்டை என்றொன்று உண்டு. அதனுள் நீண்ட நார்கள் அடுக்கடுக்காக இருக்கும். சங்கிலி பட்டவுடன் அந்த நார்கள் இழுபட்டுச் சுற்றி வாளின் பற்சில்லை அடைத்து, ஒரு நொடிக்குள் நிறுத்திவிடும். முதலாம் வகுப்பு நொடிக்கு 20 மீற்றர் வேகத்தில் ஓடும் சங்கிலிக்கும், இரண்டாம் வகுப்பு 24 மீற்றருக்கும், மூன்றாம் வகுப்பு 28 மீற்றருக்கும் சோதிக்கப்பட்டவை. எங்கள் வெயிலில் இதை அணிவதா என்று கேட்பீர்கள், நியாயமான கேள்விதான். முன்புறம் மட்டும் காப்புள்ள வகையை வாங்குங்கள், அல்லது சாதாரணக் காற்சட்டையின் மேலே கட்டிக்கொள்ளும் முன்காப்பை வாங்குங்கள், வேலையைக் காலை ஆறு மணிக்குத் தொடங்கிப் பத்தரை மணிக்குள் மேல்வேலையை முடித்துவிடுங்கள். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, செருப்போடு மெசின் வாளைத் தூக்கும் பழக்கத்தை உங்கள் நால்வரில் எவருக்கும் முதல் நாளிலிருந்தே அனுமதிக்காதீர்கள்.

இரண்டாவது வகை, வெட்டிய கொப்பை இறக்கும் பொருட்கள். கூரையும் மதிலும் தண்ணீர்த் தொட்டியும் உள்ள வளவில் உங்களுக்குக் கூலி தருவதே இந்த வேலைக்குத்தான். பச்சை மரத்தின் பாரத்தை எல்லோரும் குறைத்தே மதிக்கிறார்கள். ஒரு கனமீற்றர் பச்சை மரம் ஏறக்குறைய ஒரு தொன் என்று வைத்துக்கொண்டால், 30 சென்ரிமீற்றர் விட்டமும் 1 மீற்றர் நீளமும் உள்ள துண்டு 70 கிலோ. 40 சென்ரிமீற்றர் விட்டமும் 2 மீற்றர் நீளமும் உள்ள துண்டு 250 கிலோ. பாலை இதைவிடவும் பாரம். தண்ணீரிலேயே அமிழ்ந்துபோகும் மரம் அது. அந்தப் பாரம் தொங்கினால் ஒரு கணக்கு, ஒரு மீற்றர் விழுந்து கயிற்றில் முட்டினால் வேறு கணக்கு, பல மடங்காகிவிடும். கப்பியைக் கட்டிய இடத்திலோ, கயிற்றின் இரு பக்கமும் கீழ்நோக்கி இழுப்பதால், சுமை ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. ஆகவே கொப்பிறக்கும் கயிறு 14 அல்லது 16 மில்லிமீற்றர் பொலியெஸ்ரராக இருக்கட்டும். அதை ஏறுகயிற்றோடு ஒருபோதும் கலக்காதீர்கள். நிறம் வேறாக இருந்தால் அவசரத்திலும் மாறாது. கிணற்றுக் கப்பி இதற்கு ஆகாது. பக்கத்தகடு திறந்து மூடும், தாங்குசுமை பொறிக்கப்பட்ட கப்பி ஒன்றும், அதைத் தண்டில் கட்டத் தடித்த கயிற்றுக் கண்ணி ஒன்றும் வாங்குங்கள். கீழே நிற்பவர் கயிற்றைக் கையால் பிடிக்காமல், மரத்தின் அடியில் கட்டிய இரும்பு உருளையில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, சிறிது சிறிதாக விட்டு இறக்க வேண்டும். உருளை வாங்கும்வரை அடித்தண்டிலேயே சுற்றலாம், கயிறு தேயும், பட்டையும் தேயும், ஆனால் ஆள் தூக்கியெறியப்பட மாட்டார்.

இனி வெட்டும் கருவிகள். உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம். மரத்தின் மேலே செய்யும் வேலையில் பாதிக்கு மேல் கைவாளால் செய்யக்கூடியது. இழுக்கும்போது வெட்டுகின்ற, வளைந்த, 30 முதல் 40 சென்ரிமீற்றர் வரை நீளமான வாள் ஒன்றை உறையோடு வாங்கித் தொடையில் கட்டிக்கொண்டால், கைத்தடிப்புள்ள கொப்பு அரை நிமிடத்தில் வந்துவிடும். சத்தமில்லை, பெற்றோல் இல்லை, கீழே நிற்பவரோடு பேசலாம், கயிற்றை வெட்டிவிடும் ஆபத்தும் குறைவு. நிலத்திலிருந்து எட்டக்கூடிய சிறு கொப்புகளுக்கு, நீண்ட தடியில் பொருத்திய தடிவாள் ஒன்று. காட்டுக்கத்தியை நிலத்தில் விழுந்த கொப்பைத் துண்டாடுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மேலே அதை வீசுபவர் தன் கயிற்றையும் வீசுகிறார், கத்தி வெட்டிய காயமும் நார்நாராகப் பிளந்து ஆறாமல் கிடக்கும்.

மெசின் வாள் இரண்டு வேண்டும், ஒரே நாளில் அல்ல. நிலவேலைக்கு 45 முதல் 50 கனசென்ரிமீற்றர் வரை எஞ்சின் கொள்ளளவும் 16 அல்லது 18 அங்குல அலகும், அதாவது சங்கிலி ஓடும் தகடும், உள்ள, பின்கைப்பிடி வாள் போதுமானது. 24 அங்குல அலகு பெருமைக்கு நல்லது. மேலே கொண்டுபோவதற்கு 12 அல்லது 14 அங்குல அலகுள்ள, மேற்கைப்பிடிச் சிறிய வாள் உண்டு; அது ஒரு கையால் தூக்கக்கூடியதாக இருப்பதே அதன் நன்மையும் தீமையும். ஒரு கையால் தூக்கலாம், இரு கையால்தான் வெட்டலாம். அலகு முனையின் மேற்பாதி எதிலாவது முட்டினால் வாள் கண்ணிமைக்குள் முகத்தை நோக்கித் திரும்பும். இடது கை முன்கைப்பிடியில் இல்லையென்றால் சங்கிலித் தடையைத் தட்டுவதற்கும் ஒன்றுமில்லை. தொழில் பழகி ஓராண்டு முடியும்வரை இந்தச் சிறிய வாளை வாங்காமலே இருங்கள் என்பது என் ஆலோசனை.

எரிபொருளில் நல்ல இருவீச்சு ஒயிலை 50க்கு 1 என்ற அளவில் கலப்பது இன்றைய பெரும்பாலான வாள்களுக்குப் பொருந்தும். 5 லீற்றர் பெற்றோலுக்கு 100 மில்லிலீற்றர். கண்மதிப்பில் ஊற்றுபவருடைய வாளின் எஞ்சின் உருளை விரைவில் கீறிப்போகும். சங்கிலிக்கு எரிந்த எஞ்சின் ஒயிலை ஊற்றும் வழக்கம் எங்கள் பக்கத்தில் பரவலாக உண்டு. அதிலுள்ள உலோகத் துகள் ஒயில் பம்பியைத் தின்னும், சுழலும் சங்கிலி அந்த அழுக்கை உங்கள் தோலிலும் மூச்சிலும் தெளிக்கும். புதிய ஒயிலை வாங்குங்கள்.

பாலையும் வீரையும் கருங்காலியும் சங்கிலியின் கூர்மையை வேகமாக மழுக்கும் மரங்கள். வாள் சீவல் சீவலாகத் துப்பினால் கூர் இருக்கிறது. மாவாகத் துப்பினால் கூர் போய்விட்டது, உடனே நிறுத்தி அராவுங்கள். மழுங்கிய வாளை அழுத்தி வெட்டுவதுதான் பெரும்பாலான விபத்துகளின் முதற்படி. சிறிய எட்டில்மூன்று அங்குலச் சங்கிலிக்கு 4 மில்லிமீற்றர் உருண்டை அரமும், புள்ளி 325 அங்குலச் சங்கிலிக்கு 4.8 மில்லிமீற்றர் அரமும் உரியவை. வழக்கமான 30 பாகைச் சரிவை எங்கள் வன்மரங்களுக்கு 25 ஆகக் குறைத்தால் கூர் சற்று நீடிக்கும். ஆழத்தைக் கட்டுப்படுத்தும் முன்பல்லை மூன்று நான்கு தடவைக்கு ஒருமுறை தட்டரத்தால் அளவோடு தேயுங்கள். மரம் விழுத்துவதற்கு ஆப்புகளும் வேண்டும். அவை பிளாஸ்ரிக்காகவோ மரமாகவோ இருக்கட்டும், இரும்பு ஆப்பில் சங்கிலி பட்டால் இரண்டும் வீண்.

வேறு நாட்டில் அச்சான எந்தக் கைநூலிலும் நீங்கள் காண முடியாத ஒரு விடயத்தை இங்கே எழுத வேண்டியிருக்கிறது. எங்கள் மரங்களுக்குள் இரும்பு இருக்கிறது. 2009 மே மாதத்தில் போர் முடிந்தது. மரங்களுக்குள் தைத்த எறிகணைச் சிதறல்களும் சன்னங்களும் அங்கேயே இருக்கின்றன. மரம் உயர்வது நுனியில்தான் என்பதால், ஒன்றரை மீற்றர் உயரத்தில் தைத்த துண்டு இன்றும் அதே ஒன்றரை மீற்றரில்தான் இருக்கும். ஆனால் மரம் ஆண்டுதோறும் வெளிப்பக்கம் ஒரு வளையம் சேர்ப்பதால் அது உள்ளே உள்ளே புதைந்து, மேலே பட்டை மூடி, வெளிப்பார்வைக்கு ஒன்றும் தெரியாமற் போய்விடும். பனைக்கும் தென்னைக்கும் இப்படி வளையம் சேர்வதில்லை. அவற்றின் காயம் மூடாது. துளை இன்றும் வெளியே தெரியும். வேம்பு, புளி, பாலை, தேக்கு ஆகியவற்றில்தான் ஏமாந்துபோவோம். மர ஆலைக்காரர்கள் இந்தப் பக்கத்து மரத்தை வாங்கத் தயங்குவதும் விலையைக் குறைப்பதும் இதனால்தான்.

ஆகவே கையடக்க உலோகங்காட்டி ஒன்றை உங்கள் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். அதுவும் விரற்கடைகள் சில ஆழம்வரைதான் காணும் என்பதால் கண்ணையும் பயன்படுத்த வேண்டும்: பட்டையில் வட்டமான வீக்கம், ஒரு பக்கமாக உலர்ந்த கொப்பு, பழைய வெட்டுமுகத்தில் நீலங்கலந்த கறுப்புக் கறை. மரத்திலுள்ள துவர்ப்பு இரும்போடு சேர்ந்தால் அந்தக் கறை உண்டாகும். வெட்டும்போது சீவல் திடீரென்று கறுத்தால் வாளை உடனே வெளியே எடுங்கள். எல்லையோர மரமென்றால் சிதறல் மட்டுமல்ல, வேலியடைக்கும்போது இழுத்துக் கட்டிய முட்கம்பியும் ஆணிகளும் உள்ளே இருக்கும். சந்தேகமான மரத்துக்குத் தேய்ந்து முடியப்போகும் பழைய சங்கிலியைப் போட்டுக்கொள்ளுங்கள். இரும்பில் பட்டு அறுந்த சங்கிலித் துண்டு சன்னம் போலப் பறக்கும் என்பதால், வாளின் நேர்க்கோட்டில் எவரும் நிற்கக்கூடாது. மரத்தடியின் கதை வேறு. பற்றை வெட்டாத வளவில் கால்வைக்கு முன், அந்தக் காணி கண்ணிவெடி அகற்றித் துப்புரவாக்கப்பட்டதா என்று உரிமையாளரிடமும் கிராம அலுவலரிடமும் கேளுங்கள், விழுந்த கொப்புகளை அந்த இடத்திலேயே குவித்துக் கொளுத்தாதீர்கள். நிலத்தில் இனந்தெரியாத உலோகப் பொருளைக் கண்டால் தொடாமல், வந்த அடியிலேயே திரும்பிப் போய்ப் பொலிசுக்கு அறிவியுங்கள். கூலி அன்றைக்குப் போனால் போகட்டும்.

மின்கம்பி அருகே உள்ள மரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்வேன், இதில் வாதத்துக்கு இடமில்லை. வீதியோரத்தில் உயரமாகப் போகும் 33 கிலோவோல்ற் கம்பியைத் தொட வேண்டிய அவசியமே இல்லை, அதை நெருங்கிய பச்சைக் கொப்பே போதும். மின்சார சபைக்கு அறிவித்து, மின்னை நிறுத்தியதை அவர்களுடைய ஆள் நேரில் வந்து உறுதிப்படுத்திய பின்னரே ஏறுங்கள். அலுமினிய ஏணி அவ்விடத்துக்கு ஆகாது. பெக்கோவின் வாளிக்குள் ஆளை ஏற்றித் தூக்கி வெட்டும் புதுப்பழக்கமும் கூடாது. அந்த வாளி மண்ணுக்குச் செய்தது, ஒரு குழாய் வெடித்தால் அப்படியே இறங்கிவிடும்.

கருவி எவ்வளவு நல்லதாயினும் வெட்டு பிழைத்தால் மரம் பிழைக்காது. தடித்த கொப்பை ஒரே வெட்டில் மேலிருந்து அறுத்தால் பாரத்தில் அது முறிந்து, தண்டின் பட்டையை ஒரு முழம் உரித்துக்கொண்டு விழும். முதலில் தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கீழ்ப்புறத்தில் மூன்றிலொரு பங்கு வெட்டி, அதற்குச் சற்று வெளியே மேலிருந்து வெட்டிக் கொப்பை விழுத்தி, மிஞ்சிய கட்டையை, கொப்பு தண்டோடு சேரும் இடத்திலுள்ள கழுத்துப் புடைப்புக்கு வெளியே இறுதியாக அறுக்க வேண்டும். அந்தப் புடைப்பு கொப்புக்குரியதன்று, தண்டுக்குரியது. காயத்தை மூடும் திசு அங்கிருந்துதான் வளர்கிறது. அமெரிக்காவின் அலெக்ஸ் சைகோ என்ற ஆய்வாளர் ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காக அறுத்துப் பார்த்து, தண்டோடு ஒட்ட வெட்டுவது தவறென்றும், மரம் காயத்தை எங்கள் தோலைப் போல ஆற்றுவதில்லை, சுவரெழுப்பி அடைத்துவைக்கிறது என்றும், வெட்டுமுகத்தில் பூசும் பூச்சு உக்கலைத் தடுப்பதில்லை என்றும் காட்டினார். ஆகவே தாரும் சாணமும் வாங்கும் செலவு உங்களுக்கு இல்லை. பொந்துக்குள் சீமெந்து நிரப்புவதும் பழைய முறை. மரம் காற்றில் ஆடும், சீமெந்து ஆடாது, இடையில் தண்ணீர் தேங்கி உக்கல் கூடும். வெட்டும் காலத்தையும் பாருங்கள். ஐப்பசி மழையும் வாடைக்காற்றும் வருமுன், ஆவணி புரட்டாதியில் பெருங்கொப்புகளின் பாரத்தைக் குறைத்துவிடுவது நல்லது.

மரத்தில் ஏறுமுன் குளவிக்கூடும் தேன்கூடும் உண்டா என்று கீழிருந்தே பாருங்கள். முசுறு கடித்தால் கையை விடாமலிருக்கப் பழகுங்கள், மாமரத்தில் அதுவும் ஒரு தொழிற்பயிற்சிதான். மேலே ஒருவர் இருக்கும்போது, அவரை இறக்கத் தெரிந்த இன்னொருவர் இரண்டாவது வார்ப்பட்டியோடும் இரண்டாவது கயிற்றோடும் கீழே இருக்க வேண்டும். மயங்கித் தொங்குகிறவரை நீண்ட நேரம் தொங்கவிட்டால் அதுவே உயிராபத்து. அதனால் வார்ப்பட்டி ஒன்றல்ல, இரண்டு என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். முதலுதவிப் பெட்டியில் பஞ்சும் மருந்தும் இருப்பதைவிட, பெருங்காயத்தை அழுத்திக் கட்டும் அகன்ற கட்டுத்துணியும் கைகால்களில் இரத்தத்தை நிறுத்தும் இறுக்குபட்டியும் இருப்பது முக்கியம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும்; ஆனால் நீங்கள் நிற்கும் காணிக்கு வழிசொல்லக்கூடிய ஒருவரைப் பிரதான வீதிக்கு அனுப்பி நிறுத்துங்கள்.

அனுமதி விடயத்தில், பலா, பெண்பனை போன்றவற்றைத் தறிப்பதற்கு 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க மரந்தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி பிரதேச செயலகத்தின் அனுமதி வேண்டும். வெட்டிய மரத்தை ஏற்றிச் செல்லவும் அனுமதிப்பத்திரம் தேவைப்படும். பத்திரம் கையில் வருமுன் வாளை ஏற்றாதீர்கள், உரிமையாளர் எவ்வளவு அவசரப்பட்டாலும்.

பாவித்த பொருட்களைப் பற்றிய உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். மெசின் வாளைப் பாவித்ததாக வாங்கலாம். முன்னால் இயக்கிப் பாருங்கள், தடை பிடிக்கிறதா, ஒயில் அலகுக்கு வருகிறதா, உருளையில் கீறல் உண்டா என்று கழற்றிப் பாருங்கள். ஏணி, கப்பி, கைவாள், அரம் ஆகியவற்றையும் வாங்கலாம். கயிறு, வார்ப்பட்டி, தலைக்கவசம் ஆகிய மூன்றையும் வாங்கக்கூடாது. அவை எத்தனை தடவை விழுந்த ஆளைப் பிடித்தன, எந்த பற்றரி அமிலத்துக்குப் பக்கத்தில் கிடந்தன என்பது விற்பவருக்கே தெரிந்திராது. நாரால் ஆன பொருளுக்கு, பாவிக்காமல் வைத்திருந்தாலும் பொதுவாகப் பத்து ஆண்டே ஆயுள் என்று உற்பத்தியாளர்கள் வரையறுத்திருக்கிறார்கள். புதியதாக வாங்கியவற்றையும் பெற்றோல் கானோடு ஒரே பெட்டியில் போடாமல், காற்றோட்டமான துணிப்பையில் வைத்து, ஒவ்வொரு காலையும் கயிற்றை முழுநீளத்துக்கும் கையால் உருவிப் பாருங்கள். உறைக்குள் மென்மையாகவோ கட்டியாகவோ ஒரு இடம் தட்டுப்பட்டால் அந்த இடத்தில் வெட்டிவிடுங்கள். மிஞ்சும் துண்டுகளைக் கொப்பு இழுக்கப் பாவிக்கலாம்.